வானலையும் கணிப்பொறியும்

கார்த்திகைத் திங்களில் விளக்கீட்டு நாள் மாலையில் திருவண்ணாமலையைச் சூழ்ந்துள்ள ஊர்களில் ஓர் அரிய காட்சியைக் காணலாம். ஞாயிறு மறையும் வேளையில் மக்கள் தத்தம் வீட்டு வாயிலிலும் மாடியிலும் நின்று மலையுச்சியையே நோக்கிக்கொண்டிருப்பர். 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் முடியில் பெருந்தீபம் சுடர்விட்டவுடன், வேங்கிக்கால் முதலிய ஊர்களில் உள்ள இல்லங்களிலெல்லாம் அகல்விளக்குகள் ஏற்றப்பெறும். மலைமேல் உள்ளவர் வீட்டிலுள்ளவரை அழைக்கவில்லை. ஆள் எவரும் ஓடிவந்து செய்தி கூறவில்லை. இடையே கம்பியும் இல்லை. எனினும் செய்தி ஒரு நொடியில் ஊரெங்கும் பரவிவிடுகின்றது. கண்டவர்கள் தம் விளக்கை ஏற்றி, 'கண்டோம்' என்று மறுமொழியும் கூறிவிடுகின்றனர்.

செய்தியை ஓரிடத்திலிருந்து விடுத்தலும், அதனைப் பெற்றவர் பெற்றோம் என்று அறிவித்தலும் ஆகிய இவ்விரண்டுமே தொடர்பு என்பதன் உயிராகும். ஒளி செய்யும் இத்தொழிலையே கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலைகளும் செய்கின்றன. ஆனால் மலைத்தீபத்தை மலை தெரியும் தொலைவில் உள்ளவரே காண இயலும். வானொலி அலையோ கடலையும் கண்டத்தையும் தாண்டிச் செல்ல வல்லது. அவ்வலையைப் பொருளீட்டும் நோக்கமின்றி, அறிவு வேட்கையும் நட்பும் தொண்டுள்ளமும் காரணமாகக் கையாள்வோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் வழங்குவர்.

அமெச்சூர் வானொலியாளர் பாட்டும் நாடகமும் ஒலிபரப்புவோர் அல்லர். ஒலிபரப்பு நிலையம் பேசும், மக்கள் கேட்பர், அவ்வளவே. ஹாம் நிலையத்திலோ பேசுதலும் கேட்டலும் மாறி மாறி நிகழும். அவர் வாணிகச் செய்தியை அனுப்பலாகாது, கட்டணம் பெறலாகாது. அரசு நடத்தும் தேர்வில் மின்னணுவியலும் வானொலிச் சட்டமும் அறிந்தவர் எனத் தேறிய பின்னரே உரிமம் பெறலாம். நம் நாட்டில் 12 வயது நிரம்பிய மாணவரும் இத்தேர்வை எழுத இயலும். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி வழங்கப்பெறுகின்றது. இந்திய ஹாம்களின் குறி 'வி யூ' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும். அக்குறியைக் கேட்ட அளவில், பேசுபவர் இந்தியர் என்பதைப் பிற நாட்டார் அறிந்துகொள்வர்.

இந்நாட்டில் இக்கலை நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. 1921ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து என்பவர் அமெச்சூர் நிலையம் அமைத்து, இந்திய ஹாம்களுள் முதல்வர் என்னும் பெயர் பெற்றார். தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளர் ஆர்வலர் சிலருடன் சேர்ந்து சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் அச்சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் சங்கம் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. எனினும் அதன் கருவி சென்னை நகராண்மைக் கழகத்திற்கு வழங்கப்பெற்றது. 1930இல் நகராண்மைக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர் சிலர் இட்ட வித்து இவ்வாறு பொதுமக்களுக்குப் பயன்படும் மரமாயிற்று. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஹாம்களின் உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. போர் ஓய்ந்தபின் மீண்டும் வானில் அவர்கள் குரல் எழுந்தது.

இனி, இவ்வலைகள் நெடுந்தொலைவு செல்லும் முறையை நோக்குவோம். மிக உயர்ந்த அதிர்வெண்ணுள்ள அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போன்று நேர்கோட்டிலேயே செல்லும். ஆதலின் வேங்கிக்காலிலிருந்து சிறு கைக்கருவியால் பேசுவோரின் அலையை அண்ணாமலையே தடுத்துவிடக்கூடும். மலையின் மறுபுறத்தில் இருப்பவர்க்கு அது தெளிவாக எட்டாது. சிற்றலையோ வேறு வழியை நாடுகின்றது. அது வான் நோக்கி மேலே செல்கின்றது. நிலத்திற்கு மேலே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் வரையில், ஞாயிற்றின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவற்றை அயனி மண்டலம் என்பர். சிற்றலை அம்மண்டலத்தில் புகுந்து, வளைந்து, மீண்டும் நிலத்தை நோக்கித் திரும்புகின்றது. சுவரில் எறிந்த பந்து திரும்புவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். நிலத்திலும் கடலிலும் பட்டு மறுபடியும் மேலெழுந்து, இவ்வாறு பல முறை தாவி உலகின் மறுகோடியையும் அது சேர்ந்துவிடுகின்றது.

அயனி மண்டலத்தின் இயல்பு ஒருபடித்தாய் இருப்பதில்லை. பகலில் ஒரு நிலை, இரவில் ஒரு நிலை. கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் மற்றொன்று. ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வருவதால், அயனி மண்டலமும் அதற்கேற்ப மாறுகின்றது. 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் இப்புள்ளிகளை நூறாண்டுக்கும் மேலாகக் கண்டு குறித்து வருகின்றனர். காற்றின் போக்கறிந்து பாய் விரிக்கும் மீகாமனைப் போல, வானின் நிலையறிந்து அதிர்வெண்ணைத் தேர்ந்துகொள்பவரே தேர்ந்த ஹாம் ஆவார்.

முற்காலத்தில் இத்தேர்வு முழுவதும் கையையும் காதையும் சார்ந்திருந்தது. அனுப்பும் கருவி ஒன்று, வாங்கும் கருவி மற்றொன்று. வால்வுகள் சூடேறச் சிறிது நேரம் காத்திருக்கவேண்டும். குமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கிடையே மெல்லென ஒலிக்கும் மோர்ஸ் ஒலியைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடித்தபின்னும் நிம்மதி இல்லை; கருவி சூடேறும்தோறும் அதிர்வெண் மெல்ல நழுவும். ஆதலின் ஒரு கை குமிழிலும் ஒரு கை எழுதுகோலிலும் இருக்கும். பின்னர் அனுப்புதலையும் வாங்குதலையும் ஒரே பெட்டி செய்யும் வகையில் 'டிரான்ஸீவர்' என்னும் கருவி தோன்றியது. அப்போதும் குமிழைத் திருப்பியது மனிதனுடைய விரலே.

நுண்செயலி என்னும் சிறு சில்லு பெருவழக்கிற்கு வந்தபின் இந்நிலை மாறியது. அதிர்வெண்ணை உண்டாக்கும் பணி சுருளிடமிருந்து எண்களிடம் சென்றது. நிலையாகத் துடிக்கும் ஒரு படிகத்தின் அதிர்வை அளவுகோலாகக் கொண்டு, அதனைப் பெருக்கியும் வகுத்தும் வேண்டிய அதிர்வெண்ணை ஆக்கிக்கொள்ளும் முறை வந்தது. அதிர்வெண் என்பது ஓர் எண்ணால் தீர்மானிக்கப்படுமாயின், அவ்வெண்ணை விரல்தான் தரவேண்டும் என்பதில்லை. கம்பி வழியாகக் கணிப்பொறியும் தரலாமன்றோ? 1980களில் ஜப்பானிய நிறுவனங்களாகிய யாயிசு, ஐகாம், கென்வுட் ஆகியவை இவ்வசதியுடைய கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. யாயிசு நிறுவனத்தார் இம்முறைக்குக் 'கேட்' என்று பெயரிட்டனர். கணிப்பொறியின் துணைகொண்ட டிரான்ஸீவர் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயராயின.

கணிப்பொறி வானொலிக்கு ஆணையிடும் முறை வியப்பிற்குரியதாயினும் கடினமானதன்று. 14.074 மெகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்ணில் நிற்குமாறு சொல்லவேண்டும் எனக் கொள்வோம். யாயிசு நிறுவனத்தின் சிறு கருவி ஒன்றில் ஓர் ஆணை என்பது ஐந்து எண்கூறுகளால் ஆயது. 01, 40, 74, 00 என்னும் முதல் நான்கும் அதிர்வெண்ணைக் குறிக்கும். அவற்றைச் சேர்த்து 01407400 எனப் படித்துப் பத்தால் பெருக்கினால் 1,40,74,000 ஹெர்ட்ஸ் கிடைக்கும், அதுவே 14.074 மெகாஹெர்ட்ஸ் ஆகும். ஐந்தாவது கூறு செய்யவேண்டிய தொழிலைக் குறிப்பது. அது 01 ஆனால் 'இவ்வதிர்வெண்ணுக்குச் செல்க' என்று பொருள்; 08 ஆனால் 'அலையை அனுப்பத் தொடங்குக'; 88 ஆனால் 'அனுப்புவதை நிறுத்துக.' கென்வுட் கருவிகளின் முறை வேறு. 'எஃப் ஏ' என்னும் இரண்டு எழுத்துகள், அவற்றின்பின் பதினோரிலக்க எண், இறுதியில் ஓர் அரைப்புள்ளி என அவ்வாணை அமையும். அரைப்புள்ளி வந்தாலன்றி ஆணை முடிந்ததாகக் கருவி கொள்ளாது. நிறுத்தக்குறியின் அருமையை மாணவர் உணர இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

கருவிக்குக் கருவி மொழி வேறுபடுவதால், இடையே மொழி மாற்றித் தரும் நிரல்தொகுப்பு ஒன்றும் தேவையாயிற்று. 'ஹாம்லிப்' என்பது அத்தகையது. பழங்காலத் துறைமுகங்களில் அயல்நாட்டு வணிகனுக்கும் உள்ளூர் வணிகனுக்கும் நடுவே நின்று பேசிய துபாஷியைப் போல, கணிப்பொறிக்கும் பலவகை வானொலிகளுக்கும் நடுவே நின்று அது பணிபுரிகின்றது.

விலையுயர்ந்த அயல்நாட்டுக் கருவிகளை வாங்க இயலாதவர் என் செய்வர்? இவ்வினாவிற்கு நம் நாட்டிலேயே விடை பிறந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்னும் ஹாம், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 'பிட்எக்ஸ்' என்னும் டிரான்ஸீவரை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எவரும் பயன்படுத்திக்கொள்ளுமாறு வெளியிட்டார். வாங்கும்போது ஒரு திசையிலும் அனுப்பும்போது எதிர்த் திசையிலும் ஒரே சுற்றுவழி இயங்குமாறு அதனை அமைத்தது அவருடைய திறம். ஒரு தெருவே காலையில் சந்தைக்குச் செல்லும் வழியாகவும் மாலையில் வீடு திரும்பும் வழியாகவும் பயன்படுதல் போன்றது இது. கம்பிச்சுருள் சுற்றுவதற்கு உரிய வளையம் கிடைக்காத இடத்தில், தண்ணீர்க் குழாயில் இடும் வாஷரைக் கொண்டே சுருள் சுற்றலாம் என்றும் அவர் செய்துகாட்டினார். கடைத்தெருவில் கிடைக்கும் பொருளைக்கொண்டு கடல்கடந்து பேசலாம் என்னும் நம்பிக்கை இதனால் இளைஞர் பலருக்கு உண்டாயிற்று.

2017ஆம் ஆண்டின் இறுதியில் அவர் 'மைக்ரோ பிட்எக்ஸ்' என்னும் புதிய கருவியை அளித்தார். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைப் பரப்பு முழுவதையும் அது தழுவுவது. ஒரு சிறு படிகத்தின் துடிப்பிலிருந்து வேண்டிய அதிர்வெண்களை ஆக்கும் சில்லு ஒன்றும், அதற்கு ஆணையிடும் 'ஆர்டுயினோ' என்னும் விரலளவான கணிப்பலகை ஒன்றும் அதனுள் உள்ளன. யாயிசு கருவியின் ஐந்துகூறு ஆணைமொழியையே இதுவும் புரிந்துகொள்ளும். ஆதலின் பழைய மடிக்கணினி ஒன்றைக் கம்பியால் இணைத்தால், உள்நாட்டில் உருவான இச்சிறு கருவியும் கணிப்பொறியின் சொற்கேட்டு நடக்கும். அதன் நிரலும் மறைபொருளன்று. விரும்பியவர் படித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இத்தகைய கருவியோடு பழகும் ஒருவருக்கு நேர்வன யாவை என்பதை ஒரு கற்பனைக் காட்சியால் விளக்கலாம். வேங்கிக்காலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுங்காலமாக மோர்ஸ் முறையில் பேசிப் பழகியவர் எனக் கொள்வோம். அவர் மைக்ரோ பிட்எக்ஸ் கருவியை வாங்கி, முதன்முறையாகக் கணிப்பொறியுடன் இணைக்கின்றார். அண்டை வீட்டு மாணவன் ஒருவன் அருகிருந்து பார்க்கின்றான்.

முதலில் கருவி வாய் திறக்கவில்லை. கணிப்பொறி ஒரு வேகத்தில் பேச, வானொலி வேறொரு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்ததே காரணம். நொடிக்கு 38,400 துடிப்புகள் என்னும் வேகத்தை இருபுறமும் ஒன்றாக அமைத்தபின்னரே இரண்டும் உரையாடின. அடுத்து ஒரு வியப்பு. கணிப்பொறி தொடர்புகொண்ட கணத்திலேயே வானொலி அணைந்து மீண்டும் தொடங்கியது. கருவி பழுது என்று மாணவன் அஞ்சினான். ஆர்டுயினோ பலகையின் இயல்பே அது. கம்பித்தொடர்பு திறக்கப்படும்போது அப்பலகை தன்னைத் தானே தொடக்கநிலைக்குக் கொண்டுசெல்லும். ஓரிரு நொடி பொறுத்தபின் எல்லாம் சீராயிற்று.

மூன்றாம் இடையூறு பெரிது. கணிப்பொறியை இணைக்கும் முன்னர் தெளிவாகக் கேட்ட நிலையங்கள், இணைத்தபின் 'கிர்' என்னும் ஓயாத இரைச்சலில் மூழ்கின. உதவிக்கு வந்தவனே உபத்திரவம் செய்த கதையாயிற்று! ஆசிரியர் பதறவில்லை. ஒவ்வொன்றாக இணைப்பை நீக்கிச் சோதித்தார். மடிக்கணினிக்கு மின்னூட்டம் தரும் சிறு பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்தவுடன் இரைச்சல் பெரிதும் அடங்கியது. அப்பெட்டியினுள் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுப் பாய்வதால், அதுவே ஒரு சிறு அலைபரப்பியாகிக் குழப்பம் விளைவித்தது. கம்பிகளில் ஃபெர்ரைட் வளையங்களை மாட்டியும், ஏரியலை வீட்டினின்றும் சற்று விலக்கிக் கட்டியும் எஞ்சிய இரைச்சலைக் குறைத்தார். அவ்வளையங்கள் மற்றொரு நன்மையும் செய்தன. அனுப்பும் அலையின் ஆற்றல் கம்பி வழியே கணிப்பொறிக்குள் புகுந்து அதனை மயங்கச் செய்வதும் தடுக்கப்பட்டது.

பின்னர் 14.074 மெகாஹெர்ட்ஸ் என்னும் இடத்தில் கருவியை நிறுத்தினர். அங்கே 'எஃப்டி8' என்னும் முறையில் உலகெங்குமுள்ள ஹாம்கள் செய்தி பரிமாறுகின்றனர். 2017இல் இம்முறையை வகுத்த இருவருள் ஒருவர் ஜோசப் டெய்லர். இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தமைக்காக 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அறிஞரே அவர். விண்மீன்களின் நுண்குறிகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த கலையை ஹாம்களுக்கும் உரியதாக்கினார். இம்முறையில் காலம் 15 நொடிக் கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒரு கூறில் ஒருவர் அனுப்புவார். அடுத்த கூறில் மற்றவர் அனுப்புவார். எட்டு வகைச் சுருதிகளின் வரிசையால் செய்தி குறிக்கப்படும். ஏறத்தாழ ஒரு நொடிக்குமேல் கடிகாரம் பிழைபட்டால் தொடர்பு கெடும். 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலோடு ஒப்பிட, அதன் நூற்றிலொரு பங்கு ஆற்றலே உடைய குறியையும் கணிப்பொறி கண்டுபிடித்து எழுத்தாக்கித் தரும். எத்துணை கூர்மையான காதுக்கும் இஃது இயலாது.

திரையில் அயல்நாட்டு அழைப்புக்குறிகள் வரிவரியாகத் தோன்றுவதைக் கண்ட மாணவன், "ஐயா, குமிழைத் திருப்புவதும் கேட்பதும் எழுதுவதும் கணிப்பொறியே செய்துவிட்டால், தங்களுக்கு இதில் வேலை என்ன?" என்று வினவினான்.

ஆசிரியர் விடை கூறுமுன்னரே கருவி ஒரு விடையைத் தந்தது. கணிப்பொறியின் நிரல் இடையில் நின்றுவிட, அனுப்புக என்னும் 08 ஆணைக்குப் பின் வரவேண்டிய 88 வரவில்லை. அனுப்புவதைக் காட்டும் எழுத்து கருவியின் முகப்பில் அணையவே இல்லை. அலை வீணே வானில் பாய்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர் உடனே கைநீட்டி மின்விசையை நிறுத்தினார்.

"தம்பி, ஆணையிட்டது கணிப்பொறி. ஆனால் அந்த அலை என் அழைப்புக்குறியைத் தாங்கிச் சென்றது. இப்போது யாரேனும் ஆபத்தில் உதவி கேட்டுக் கொண்டிருந்தால், அவர் குரலை மறைத்த பழி யாரைச் சேரும்? பொறியையா, என்னையா?" என்றார் அவர். மாணவன் மறுமொழி கூறவில்லை. அவன் அறியவேண்டியதை அறிந்துகொண்டான்.

இக்காட்சி கற்பனையே ஆயினும் இதில் வரும் இடையூறுகள் யாவும் கணிப்பொறியோடு வானொலியை இணைத்தோர் எதிர்ப்படக்கூடியவை. ஆசிரியர் எழுப்பிய வினாவோ கற்பனையன்று. ஒரு குரல் கேட்கப்படுவதும் கேட்கப்படாமற் போவதும் உயிர்களின் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்யும் வேளைகள் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அத்தகைய வேளை வந்தது.

அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் ஒரு குழுவினர் அந்தமான் தீவின் தலைநகராகிய போர்ட் பிளேயருக்குச் சென்றனர். பல்லாண்டுகளாக ஹாம் குரல் ஒலியாதிருந்த அத்தீவிலிருந்து உலக ஹாம்களோடு பேசி மகிழ்வதே பயணத்தின் நோக்கம். ஆயிரக்கணக்கான தொடர்புகள் நிகழ்ந்தன. 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. தீவு அதிர்ந்தது. தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்தது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அத்தீவுகளில் தொலைபேசித் தொடர்பு பெரிதும் அறுந்தது. அதே அலை நம் தமிழகக் கரையையும் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

பொழுதுபோக்கிற்காக அமைத்த நிலையம் அக்கணமே உயிர்காக்கும் நிலையமாயிற்று. அம்மையாரும் குழுவினரும் இரவுபகல் பாராமல் நின்று, தீவில் உள்ளோர் நலமாயிருக்கும் செய்தியைப் பெருநிலத்திலிருந்த சுற்றத்தாருக்கு அறிவித்தனர். மீட்புப் பணியாளருக்கு வேண்டிய செய்திகளையும் கொண்டுசேர்த்தனர். பெருநிலத்தில் இருந்த ஹாம்கள் அவற்றைப் பெற்று உரியவரிடம் சேர்த்தனர். 'உயிரோடிருக்கின்றேன்' என்னும் ஒரு சொல்லைக் கேட்கத் துடித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அச்செய்தி எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பேரிடர்க் காலத்தில் மட்டுமன்றிப் பெருங்கூட்டம் கூடும் விழாக்களிலும் ஹாம்கள் தொண்டாற்றுகின்றனர். மேற்கு வங்காளத்தில் கங்காசாகர் திருவிழாவில் கூட்டத்தில் வழிதவறியோரை உறவினரோடு சேர்ப்பதை அம்மாநில ஹாம்கள் தம் பணியாகக் கொண்டுள்ளனர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் முழுநிலா நாள்தோறும் மக்கள் வெள்ளம் பெருகக் காணும் திருவண்ணாமலைப் பகுதியினர், இத்தொண்டின் அருமையை எளிதில் உணர்வர்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, கணிப்பொறி தேவையா, மனிதன் தேவையா என்னும் வழக்கு பொருளற்றதாகின்றது. ஓய்வின்றி இரைச்சலை ஆராய்வதும், பிழையின்றி எண்களை ஆள்வதும், நூறு அழைப்புக்குறிகளை ஒரே நேரத்தில் எழுதிவைப்பதும் கணிப்பொறிக்கு எளியன. இரைச்சலின் காரணத்தைத் தேடிக் களைவதும், எப்போது பேசவேண்டும், எப்போது பிறர்க்கு வழிவிட்டு அமைதி காக்கவேண்டும் என்று தெளிவதும், மின்சாரமும் கணிப்பொறியும் கைவிட்ட வேளையில் ஒரு மின்கலமும் மோர்ஸ் விசையும் கொண்டே செய்தியைச் சேர்ப்பதும் மனிதனுக்கே உரியன. 2003க்குப் பின் பல நாடுகள் மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாகக் கொள்ளாது விட்டன. எனினும் அதனை விரும்பிக் கற்போர் குறைந்தபாடில்லை. வண்டி வந்துவிட்டது என்பதற்காக நடக்கக் கற்பதை எவரும் நிறுத்துவதில்லை அல்லவா?

கருவிகள் மாறிக்கொண்டே வரும். வால்வு போய்ச் சில்லு வந்தது. குமிழின் இடத்தில் எண் வந்தது. இன்று புதியதாகத் தோன்றும் கருவியும் நாளை பழையதாகும். மாறாதது ஒன்றுண்டு. எங்கோ ஒருவர் அழைக்கின்றார். அதனைக் கேட்டு, 'உம் குரல் வந்து சேர்ந்தது' என்று மற்றொருவர் மறுமொழி கூறவேண்டும். மலைமேல் எரியும் தீபத்தைக் கண்டவுடன் வேங்கிக்காலில் அகலேற்றும் கைகள் செய்வதும் அதுவே. ஆழிப்பேரலையின் நடுவே அந்தமானிலிருந்து எழுந்த குரலுக்குச் செவிகொடுத்தோர் செய்ததும் அதுவே. கருவியை ஆளக் கற்பவர், கேட்கும் உள்ளத்தையும் உடன் வளர்த்துக்கொள்வாராயின், அவர் கையிலுள்ள சிறு பெட்டியும் ஊருக்கு ஒரு விளக்காகும்.